திரினிட்டிக் கோவர் படியும் ஐந்து எழுத்தரும்

ஓர் ஏட்டுச்சுவடியைப் பதிப்பிக்கப் புகுவோர் முதற்கண் வினவுவன, அது யாண்டுக் கிடைத்தது, அதன் பாடம் எத்தகையது, பிற படிகளோடு அஃது எவ்வாறு வேறுபடுகின்றது என்பனவேயாம். அதனை எழுதிய கை யாருடையது என்னும் வினா நம்மிடையே பெரும்பாலும் எழுவதில்லை. டாக்டர் உ. வே. சாமிநாதையர் தம் பதிப்புகளின் முகவுரைகளில் ஏடு உதவியோர் பெயர்களையும் அவர்தம் ஊர்களையும் மறவாது குறித்துள்ளார். அதனால் ஏட்டைப் போற்றி வைத்திருந்தவரை அறிகின்றோம். அதனை எழுதியவரைப் பலவிடத்தும் அறியோம். மேலைநாட்டு இடைக்கால ஏடுகளை ஆராய்வோர் இவ்வினாவைக் கடந்த நூற்றாண்டில் மிக நுணுக்கமாக எழுப்பினர். அதனால் விளைந்த ஆக்கமும், அதன்கண் புகுந்த ஒரு விரைவும் நாமும் அறிந்துகொள்ளத்தக்கன. ஆகலின், ஆங்கிலப் புலவர் கோவர், சாசர் ஆகியோருடைய நூற்படிகளைப் பற்றிய வழக்கு ஈண்டு ஆராயப்படுகின்றது.

கேம்பிரிட்ஜ் நகரத்துத் திரினிட்டிக் கல்லூரி நூலகத்தில் ஆர்.3.2 என்னும் எண்ணுடன் ஒரு தோலேட்டுச் சுவடி உள்ளது. 1408இல் மறைந்த ஜான் கோவர் இயற்றிய ‘கன்ஃபெசியோ அமாண்டிஸ்’ என்னும் பெருநூலின் படி அது. காதலன் ஒருவன் தன் குற்றங்களைக் குருவின்முன் ஏற்றுரைப்பதாக அமைந்த அந்நூல் முப்பத்து மூவாயிரம் அடிகளுக்கு மேற்பட்டது. சுவடி எழுதப்பெற்றது பதினைந்தாம் நூற்றாண்டின் முதற்காற்பகுதியில். பார்வைக்கு அது பிற கோவர் படிகளைப் போன்றதே. ஆயினும் 1978இல் டாயில், பார்க்ஸ் என்னும் இரு அறிஞர், நீல் கெர் என்பார்க்குப் படைக்கப்பெற்ற பாராட்டு மலரில் எழுதிய நீண்ட கட்டுரை ஒன்று இச்சுவடியை ஆங்கில ஏட்டாராய்ச்சியின் நடுநாயகமாக ஆக்கிவிட்டது. இச்சுவடியை எழுதியோர் ஐவர் என அவர்கள் நிறுவினர்; அவ்வைவர்க்கும் ஏ, பி, சி, டி, ஈ எனக் குறியீடு இட்டனர்.

ஐவர் என்பதை எவ்வாறு அறிந்தனர்? இதற்கு முன் எழுத்துமுறை வேறு, கையெழுத்து வேறு என்பதைத் தெளிதல் வேண்டும். எழுத்துமுறை என்பது ஒரு காலத்து எழுத்தர் பலர்க்கும் பொதுவாக முன்நிற்கும் மாதிரி. கையெழுத்து என்பது அம்மாதிரியை ஒருவன் தன் கையால் தோலின்மேல் இறக்கும்போது உருவாவது. அக்காலத்து இங்கிலாந்தில் வழங்கிய ஓட்டெழுத்து முறைக்குப் பார்க்ஸ் 1969இல் வெளியிட்ட நூலில் ‘ஆங்கிலிக்கானா’ எனப் பெயர் கொடுத்தார். இம்முறையில் ‘ஏ’ என்னும் எழுத்து இரண்டு அறை உடையதாய் இருக்கும்; ‘ஜி’ என்பது எண் 8 போலச் சுழியும்; ‘ஆர்’ வரிக்குக் கீழே நீண்டு இறங்கும். பதினான்காம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பிரான்சு நாட்டுப் பழக்கத்தைப் பின்பற்றி ‘செக்ரிட்டரி’ என்னும் மற்றொரு முறையும் புகுந்தது. அதில் ‘ஏ’ ஓரறை உடையது, ‘ஆர்’ குறுகியது. ஒரே ஏட்டில் ஒருபால் ஆங்கிலிக்கானாவும் மற்றொருபால் செக்ரிட்டரியும் காணப்படின், எழுதினோர் இருவர் என உடனே முடிவு செய்தல் கூடாது. பயிற்சி மிக்க எழுத்தன் ஒருவனே இரண்டு முறைகளிலும் வல்லவனாதல் உண்டு. மாறாக, இரு பகுதிகளும் ஒரே முறையில் இருத்தலால் எழுதியவன் ஒருவனே எனத் துணிதலும் பிழையாம்.

ஆகவே எழுத்தின் வடிவத்தினும் அதனை ஆக்கும் இயக்கத்தையே நோக்குதல் வேண்டும். இறகுப்பேனாவின் சாய்வு, ஓர் எழுத்து எத்தனை இழுப்புகளால் ஆயது, அவை எவ்வரிசையில் இடப்பட்டன, எழுத்துகள் ஒன்றோடொன்று எங்ஙனம் இணைகின்றன, வரியின்மேல் உயரும் கோடுகள் எவ்வளவு உயர்கின்றன என்பன எழுதுவோன் கருதாமலே அவன் கையில் அமைந்துவிடுபவை. இவற்றோடு சுருக்கக் குறிகள், நிறுத்தக் குறிகள், விளிம்பில் இடும் அணிக்கோடுகள், சொற்களை எழுத்துக்கூட்டும் வழக்கம் ஆகியனவும் சேர்த்து எண்ணப்படும். ஒரு கூறு தனித்து நின்று எதனையும் மெய்ப்பிக்காது. பல கூறுகள் ஒரே இடத்தில் ஒருங்கே மாறினால்தான் அவ்விடத்தில் கை மாறிற்று எனக் கொள்ளலாம்.

திரினிட்டிச் சுவடியில் இம்முடிவுக்குத் துணையாக மற்றொரு சான்றும் கிடைத்தது. தோலேட்டுச் சுவடிகள், தாள்களை மடித்து ஒன்றனுள் ஒன்று செருகிய சிறு கட்டுகளால் ஆனவை. பெரும்பாலும் எட்டு ஏடு கொண்டது ஒரு கட்டு. கை மாறும் இடங்களும் கட்டு மாறும் இடங்களும் பெரிதும் ஒத்து வந்தன. ஒருவன் எழுதி முடித்த பின்னர் அடுத்தவன் தொடங்கியிருந்தால் அவ்வாறு ஒத்துவர வேண்டுவதில்லை. நின்ற இடத்திலிருந்து, ஒரு பக்கத்தின் நடுவிலும், அடுத்தவன் தொடரலாம். தாய்ப்படியைக் கட்டுக் கட்டாகப் பிரித்து ஐவருக்கும் பங்கிட்டுக் கொடுத்து, ஒரே காலத்தில் எழுதுவித்தனர் என டாயிலும் பார்க்சும் கருதினர். எனினும் ஐவர் வேலையையும் ஒருவர் மேற்பார்த்து ஒழுங்கு செய்தமைக்கு ஏட்டில் அடையாளம் இல்லை. அதனால் இலண்டன் நகரில் ஒரே கூரையின்கீழ் எழுத்தர் பலரை அமர்த்தி நூல் பெருக்கிய எழுதுகூடங்கள் இருந்தன என்னும் பழைய கொள்கை தளர்ந்தது. நூல் வணிகன் ஒருவன் வேலையைப் பல இடங்களில் தனித்தனியே வாழ்ந்த எழுத்தர்க்குப் பங்கிட்டுக் கொடுத்தான் என்னும் கருத்து அதன் இடத்தைப் பெற்றது. கையெழுத்து வேறுபாடு என்னும் சிறு செய்தியிலிருந்து ஒரு நகரத்து நூல் தொழிலின் அமைப்பே வெளிப்பட்டது என்பது கருதற்பாலது.

இனி, ஐவரையும் வேறு ஏடுகளில் தேடும் பணி. ஏ, சி என்னும் இருவரைப் பற்றி மிகுதியாகப் பேசப்படவில்லை; அவர்கள் பெயரின்றியே நிற்கின்றனர். ஈ என்பவன் எழுதியது இச்சுவடியில் மிகச் சில பக்கங்களே. ஆனால் ஐவருள் ஐயமறப் பெயர் பெற்றவன் அவன் ஒருவனே. அவன் தாமஸ் ஹாக்லீவ், அரசரின் அந்தரங்க முத்திரை அலுவலகத்தில் எழுத்தராய் இருந்தவர், தாமே ஒரு புலவர், 1426இல் மறைந்தவர். தம் பாடல்களைத் தம் கையாலேயே எழுதிவைத்த சுவடிகள் மூன்று எஞ்சியுள்ளன. இரண்டு கலிபோர்னியாவில் ஹண்டிங்டன் நூலகத்திலும் ஒன்று டர்ஹாமிலும் உள்ளன. அலுவலகக் கடித மாதிரிகளை அவர் தொகுத்த நூலும் பிரிட்டிஷ் நூலகத்தில் உள்ளது. அவர் கையெழுத்தைப் பற்றி ஷுல்ஸ் என்பார் 1937லேயே ஆராய்ந்துள்ளார். இவ்வாறு ஒப்பிடுதற்கு நூற்றுக்கணக்கான பக்கங்கள் இருந்தமையால், திரினிட்டிச் சுவடியின் சில பக்கங்களை அவருடையன எனல் எளிதாயிற்று. பெயரிடுதற்கு எத்துணைச் சான்று வேண்டும் என்பதற்கு ஹாக்லீவை ஓர் அளவுகோலாகக் கொள்ளலாம். பின்னர் வரும் செய்திக்கு இவ்வளவுகோல் தேவைப்படும்.

எழுத்தன் பி பற்றிய செய்தியே யாவரினும் பெரிது. சாசரின் ‘காண்டர்பரிக் கதைகள்’ எண்பதுக்கு மேற்பட்ட படிகளில் முழுமையாகவோ சிதைந்தோ கிடைக்கின்றது. சாசர் மறைந்தது 1400இல். அவர் தம் கைப்பட எழுதிய படி ஒன்றேனும் இல்லை. இருப்பனவற்றுள் மிகப் பழையனவும் சிறந்தனவும் இரண்டு. ஒன்று வேல்ஸ் நாட்டுத் தேசிய நூலகத்தில் உள்ள ஹெங்குர்ட் படி. எலி அரித்தது, கதைகளின் வரிசை குழம்பியது, இடையிடையே மையின் நிறம் மாறுவது. மற்றொன்று ஹண்டிங்டன் நூலகத்தில் உள்ள எல்ஸ்மியர் படி. பெரியது, பொன்னும் வண்ணமும் தீட்டியது, யாத்திரிகர் இருபத்து மூவரின் ஓவியங்கள் கொண்டது. இவ்விரண்டையும் எழுதியவன், திரினிட்டிச் சுவடியில் கோவர் நூலின் ஒரு பகுதியை எழுதிய பி என்பவனே என்பது டாயில், பார்க்ஸ் இருவரின் முடிபு. ஒருபுறம் அலங்கோலமான ஏடு. மறுபுறம் அரச அவைக்குரிய ஏடு. இரண்டும் ஒரே கையின் ஆக்கம்.

இம்முடிபு எதிர்ப்பின்றி நிலைபெறவில்லை. 1982இல் ராம்சே என்பவர், ஹெங்குர்ட், எல்ஸ்மியர் இரண்டிலும் எழுத்துக்கூட்டும் முறையும் நிறுத்தக் குறிகளும் பலவிடத்துச் சீராக வேறுபடுகின்றன என எண்ணிக் காட்டி, எழுதியோர் இருவர் என வாதிட்டார். அடுத்த ஆண்டிலேயே சாமுவேல்ஸ் என்பவர் மறுப்பு எழுதினார். ஒருவன் தன் வாழ்நாளில் எழுதும் பழக்கத்தைச் சிறிது சிறிதாக மாற்றிக்கொள்வது இயல்பு. இரண்டு படிகளுக்கும் இடையே காலம் கழிந்திருத்தலால் அவ்வேறுபாடுகள் ஒரே எழுத்தனின் வளர்ச்சியே என்பது அவர் கூற்று. சாமுவேல்சின் மறுப்பே வலிது என்பது என் கருத்து. ஏனெனில் எழுத்துக்கூட்டு என்பது எழுத்தனுக்கு மட்டும் உரியதன்று. அவன் முன் வைத்திருக்கும் தாய்ப்படிக்கும் அதில் பங்கு உண்டு. இதனை எழுத்தன் டியின் வரலாறு தெளிவுறக் காட்டும். அவன் தென்மேற்கு உஸ்டர்ஷயர்ப் பகுதியின் பேச்சுக்குரிய வடிவங்களை இலண்டனுக்குக் கொண்டுவந்தவன். கோவர் நூலைத் திரினிட்டி உட்பட எட்டுப் படிகளில் முழுமையாகவோ பகுதியாகவோ எழுதியவன் அவனே. பிறருடைய நூல்களில் அவன் ஊர் வழக்குத் தலைகாட்டுகின்றது. கோவரை எழுதுங்கால் கோவருடைய எழுத்துக்கூட்டையே பெரிதும் போற்றுகின்றான். எழுத்துக்கூட்டு ஒன்றையே கொண்டு ஆராய்ந்தால், டி ஒருவனையே பலராக எண்ணிவிடுவோம். அவனோடு மிக ஒத்த கை ஒன்றும் உண்டு. அதற்கு டாயிலும் பார்க்சும் ‘டெல்ட்டா’ எனத் தனிக்குறி இட்டுப் பிரித்தனர். ஆராய்ச்சியாளனை ஏமாற்றவல்ல இடம் இத்தகையதே. ஒரே பயிற்சியில் வந்தோர் கைகள் உடன்பிறந்தார் முகம் போல ஒத்திருக்கும்.

பி என்பவன் யார்? 2004இல் லின்னி மூனி என்னும் அம்மையார் ஒரு மாநாட்டில் விடை கூறினார். 2006இல் ‘ஸ்பெக்குலம்’ இதழில் அதனை விரித்தெழுதினார். அவன் ஆதம் பின்கர்ஸ்ட் என்பவன். இலண்டன் ஆவண எழுத்தர் சங்கத்தின் உறுப்பினன். அச்சங்கப் பதிவேட்டில் 1390களில் அவன் தன் கையாலேயே எழுதி ஏற்ற உறுதிமொழி உள்ளது. அதன் எழுத்துகளும் அணிக்கோடுகளும் பியின் கையோடு ஒத்துள்ளன என்பது அவர் சான்று. இதற்கு இசைவாக ஒரு சிறு பாடலும் இருந்தது. சாசர் தம் எழுத்தன் ஆதம் என்பவனை விளித்து, அவன் செய்த பிழைகளைத் தாம் சுரண்டித் திருத்த நேர்வதாக நொந்து பாடியதாய் அது கிடைக்கின்றது. ஜான் ஷெர்லி என்பவர் பதினைந்தாம் நூற்றாண்டில் எழுதிய சுவடியில் அப்பாடல் உளது. அச்சுவடியும் அதே திரினிட்டி நூலகத்தில், அதே அடுக்கில், ஆர்.3.20 என்னும் எண்ணுடன் இருப்பது ஒரு தற்செயலே. பாடலில் வரும் ஆதம், பின்கர்ஸ்டாக இருத்தல் கூடும் என 1929லேயே வாக்னர் என்பவர் கருதியிருந்தார். அக்கருத்துக்கு மூனியின் ஆராய்ச்சி கையெழுத்துச் சான்று தந்ததாகப் பலரும் மகிழ்ந்தனர்.

இதனால் விளையும் பயன் சிறிதன்று. பி என்பவன் சாசரிடமே பணி செய்தவனாயின், ஹெங்குர்ட், எல்ஸ்மியர் இரண்டும் ஆசிரியரின் அருகில் பிறந்தவை ஆகும். ஹெங்குர்ட் படி சாசர் வாழ்நாளிலேயே எழுதப்பட்டிருக்கலாம் என்றும் கூறலாம். பதிப்பாசிரியர்க்கு இது முதன்மையான செய்தி. ராபின்சனின் பதிப்பு பெரிதும் எல்ஸ்மியரைத் தழுவியது. நார்மன் பிளேக் 1980இல் வெளியிட்ட பதிப்பு ஹெங்குர்ட்டையே அடிப்படையாகக் கொண்டது. ஹெங்குர்ட்டில் ‘கேனனுடைய ஏவலன் கதை’ இல்லை; எனவே அக்கதை சாசர் இயற்றியதன்று எனவும் பிளேக் கருதினார். எழுத்தன் யார் என்னும் வினா, ஒரு கதை முழுவதும் நூலில் நிற்குமோ நீங்குமோ என்னும் வினாவோடு பிணைந்துள்ளமை இதனால் புலனாம்.

ஆயினும் ஹாக்லீவுக்குக் கிடைத்த சான்றையும் பின்கர்ஸ்டுக்குக் கிடைத்த சான்றையும் அருகருகே வைத்து நோக்குக. முன்னவர்க்கு மூன்று சுவடிகளும் ஒரு தொகுப்பு நூலும் உண்டு. பின்னவன் பெயரோடு தொடங்குதற்குக் கிடைத்தது ஓர் உறுதிமொழி, சில வரிகள், அவையும் சங்கத்தார் முன்னிலையில் தன் திறமை தோன்ற அலங்காரமாக எழுதப்பட்டவை. அத்தகைய எழுத்தில் ஒருவனுடைய இயல்பான கை அடங்கிநிற்கும். பயிற்றுவிக்கப்பட்ட அழகே மேலோங்கும். 2011இல் ஜேன் ராபர்ட்ஸ், மூனி எடுத்துக்காட்டிய ஒப்புமைகள் அக்காலத்து எழுத்தர் பிறர்க்கும் உரியனவே எனக் கூறி இவ்விணைப்பை மறுத்தார். 2018இல் லாரன்ஸ் வார்னர் ஒரு முழு நூலே எழுதிப் பியும் பின்கர்ஸ்டும் வேறாவர் என வாதிட்டார். டி என்பவன் இலண்டன் நகரவைப் பொது எழுத்தர் ஜான் மார்ச்சண்ட் என, மூனியும் ஸ்டப்சும் 2013இல் வெளியிட்ட நூலில் கூறிய முடிபையும் அவர் ஏற்கவில்லை. சைமன் ஹாரபின் முதலியோர் பின்கர்ஸ்ட் என்னும் முடிபின் பக்கம் நிற்கின்றனர். வழக்கு முடியவில்லை.

நம் கருத்து யாது? இரண்டு வேறு செயல்கள் இங்கு ஒன்றாக எண்ணப்பட்டமையே குழப்பத்திற்குக் காரணம் எனத் தோன்றுகின்றது. ஒரு சுவடியில் ஐந்து கைகளைப் பிரிக்கும்போது ஆராய்ச்சியாளன் வேறுபாடுகளைத் தேடுகின்றான். தேடும் களமும் அடைபட்டது, அச்சுவடியின் ஏடுகளே. ஒரு கைக்குப் பெயரிடும்போதோ ஒற்றுமைகளைத் தேடுகின்றான். களம் இலண்டன் நகரத்து எழுத்தர் அனைவரும், அவர்களுள் எழுத்து எஞ்சாதோரும் உட்பட. எனவே ஒற்றுமை உண்டு எனக் காட்டுதல் போதாது; அவ்வொற்றுமை பிறரிடம் இல்லை எனவும் காட்டுதல் வேண்டும். ஓர் அணிக்கோடு இருவர் கையிலும் காணப்படுவதாகச் சொல்வோர், அதே காலத்து எழுத்தர் எத்துணைப் பேர் கையில் அது காணப்படவில்லை என எண்ணிச் சொல்லவும் கடமைப்பட்டவர். அவ்வெண்ணிக்கை இன்றிப் பின்கர்ஸ்டின் பெயரை ஏற்றல் அரிது. மறுத்தற்கும் முழுச் சான்று இல்லை. ‘கூடும்’ என்னும் அளவில் நிறுத்துதலே தகும். ஆதம் என்னும் பெயரும் அந்நகரில் அரிய பெயரன்று. மேலும் ஒன்று: பாடலைச் சான்றாகக் கொள்வோர், அப்பாடல் ஆதமின் கவனக் குறைவையே குறை கூறுகின்றது என்பதை மறந்துவிடுகின்றனர். பி என்பவன் அவ்வாதமே என மெய்ப்பித்தாலும், அவன் எழுதிய படியின் மதிப்பு அதனால் உயர்தலோடு தாழ்தலும் உண்டு.

பெயர் நிற்பினும் வீழினும் ஐந்து கைகளின் பிரிவு அசையவில்லை. பி என்பவனே ஹெங்குர்ட்டையும் எல்ஸ்மியரையும் எழுதினான் என்பதும் அசையவில்லை. பதிப்பாசிரியர்க்கு உண்மையில் பயன்படுவன இவையே. இரு படிகளும் ஒருவனால் எழுதப்பட்டவை ஆதலின், அவை ஒத்த இடங்களையெல்லாம் இரண்டு தனிச் சாட்சிகளின் உடன்பாடாக எண்ணுதல் இயலாது. ஒரே எழுத்தனின் பழக்கமே ஒப்புமைக்குக் காரணம் ஆதலும் கூடும். அவை வேறுபடும் இடங்களிலோ தாய்ப்படிகளின் வேறுபாடு வெளிப்படலாம். இம்முடிவுக்கு எழுத்தனின் பெயர் தேவையில்லை.

நம் பனையேடுகளுக்கு இம்முறை எவ்வளவு பொருந்தும் என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது. எழுத்தாணியால் கீறப்படும் எழுத்தில் பேனாவின் தடிப்பும் மெலிவும் இல்லை. புள்ளி இடப்படாமை, எகர ஒகரங்களில் குறில் நெடில் வேறுபாடு காட்டப்படாமை, காலும் ரகரமும் ஒத்திருத்தல் என்பன எழுத்தர் பலர்க்கும் பொதுவான வழக்குகள். அவற்றால் ஒருவனை மற்றொருவனிடமிருந்து பிரித்தல் இயலாது. எனினும் ஓலைக்கு வரிகள் எத்தனை, துளையைச் சுற்றி விடும் இடம் எவ்வளவு, பாட்டின் எண்ணையும் முடிவையும் காட்டும் குறி யாது, கொம்பும் சுழியும் எப்பக்கத்திலிருந்து இழுக்கப்பட்டன என்பன தனிக் கையைக் காட்ட வல்லன.

நம் ஏடுகளிற் சிலவற்றில் இறுதியில் எழுதியவர் பெயரும் ஆண்டும் காணப்படுகின்றன. ஆண்டு அறுபதாண்டு வட்டத்தில் ஒன்று ஆதலின் அது தனித்து நின்று காலத்தை வரையறுக்காது. பெயரைக் கண்டவுடன் ஏடு முழுவதும் அவர் எழுதியது எனக் கொள்கின்றோம். ஆனால் அக்குறிப்பு, தான் எழுதப்பட்ட அவ்வோலையின் கைக்கே சான்று. தாய்ப்படியில் இருந்த குறிப்பையே படியெடுத்தவர் பெயர்த்தெழுதியிருந்தால் அவ்வளவுக்கும் சான்றாகாது. பழுதுற்ற ஓலைகளை நீக்கி வேறொருவர் புதிய ஓலைகளைச் சேர்த்திருப்பின், அவ்விடத்துப் பாடம் வேறொரு தாய்ப்படியிலிருந்து வந்திருத்தலும் கூடும். திரினிட்டிச் சுவடியின் கடைசி ஏட்டில் ஒரு பெயர் எழுதப்பட்டிருந்தால், ஐவரும் அப்பெயருக்குள் மறைந்திருப்பர். பாடவேறுபாடுகளைத் தொகுக்கும் நம் மாணவர், படிக்கு ஒரு குறியீடு இடுவதோடு நில்லாது, ஒரு படிக்குள்ளேயே கை மாறும் ஓலை எண்களையும் குறித்து வைப்பராக.